ஒரு மூடி இருமல் மருந்து – கொஞ்சம் சரித்திரம்

தில்லிப் பக்கம் வந்து குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் சீக்கிரமே கற்றுக்கொள்ளும் இந்தி வார்த்தைகளில் "காம்ஸி"யும் ஒன்று. காம்ஸி என்றால் இருமல். தீபாவளி முடிந்த கையோடு புகையும் பனியும் சேர்ந்து ஊரை மூடிக்கொள்ளும். வீட்டுக்கு ஒருவராவது இரும ஆரம்பிப்பார். ஊரில் என்றால் பாட்டியோ அத்தையோ கைவசம் சித்தரத்தை, அதிமதுரம் வைத்திருப்பார்கள். இங்கே நமக்கு இருப்பது தெருமுனைக் கெமிஸ்ட் கடை. "பையா, காம்ஸி கா சிரப்" என்றால் போதும், சீட்டும் கேட்கமாட்டார், வயதும் கேட்கமாட்டார். ஒரு பாட்டில் கைக்கு வந்துவிடும். கொஞ்சம் அக்கறையான கடைக்காரர் என்றால் "சூகீ யா பல்கம் வாலீ?" என்று ஒரு கேள்வி கேட்பார். வறட்டு இருமலா, சளி இருமலா என்று அர்த்தம்.

இருமல் மருந்து விஷயத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வியே அதுதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதில் அபினி, ஹெராயின், அமெரிக்கச் சட்டம், சென்னை, பம்பாய், குர்காவ், காஞ்சிபுரம் எல்லாம் வருகின்றன. நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டரில் குப்பை கொட்டுகிறவன். ஆனாலும் 2025 அக்டோபரில் செய்தித்தாள்களைப் பார்த்த பிறகு இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். சின்னக் குழந்தைகளோடு வெளியூர்களில் இருக்கிற நம் ஆட்களுக்கு உபயோகப்படுமே என்று இங்கே தொகுத்து வைக்கிறேன்.

அபினியிலிருந்து ஆரம்பம்

இருமல் என்பது நோய் இல்லை, உடம்பின் காவல்காரன். தொண்டையிலோ மூச்சுக்குழாயிலோ வேண்டாதது எதுவும் நுழைந்தால் வெளியே தள்ளுகிற ஏற்பாடு. அதற்கான உத்தரவு மூளையின் அடிப்பகுதியிலிருந்து வருகிறது. அந்த உத்தரவையே மட்டுப்படுத்துவதுதான் இருமல் அடக்கி மருந்துகளின் வேலை. மனிதன் இந்த வேலைக்கு முதலில் கண்டுபிடித்த பொருள் அபினி. வலி, வயிற்றுப்போக்கு, இருமல் மூன்றுக்கும் பல நூற்றாண்டுகள் அதுதான் மருந்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் அபினியிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார்கள். 1832-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ராபிக்கே கோடீனைப் பிரித்தெடுத்தார். கோடீன் மார்ஃபினைவிட மென்மையானது, இருமலை நன்றாக அடக்கக்கூடியது. ஆனால் பழக்கம் பிடித்துக்கொள்ளும் ஆபத்து அதிலும் உண்டு. அதற்கு மாற்றாக "பழக்கமாகாத" மருந்தைத் தேடினார்கள். ஜெர்மனியின் பேயர் கம்பெனி 1898-ல் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இருமலுக்கும் மூச்சு நோய்களுக்கும் கைகண்ட மருந்து என்று விளம்பரம். அதன் வணிகப் பெயர் ஹெராயின்!

ஆமாம், அதே ஹெராயின்தான். இதில் இன்னொரு வேடிக்கை, 1897 ஆகஸ்டில் ஆஸ்பிரினையும் ஹெராயினையும் சில நாள் இடைவெளியில் தயாரித்தவர் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் என்ற ஒரே ஆள். ஒன்று இன்றைக்கும் இதய நோயாளிகளைக் காப்பாற்றுகிறது. மற்றது என்ன ஆயிற்று என்று சொல்லவேண்டியதில்லை. 1913 வாக்கில் பேயர் ஹெராயின் தயாரிப்பை நிறுத்தியது. 1924-ல் அமெரிக்கா அதைத் தடை செய்தது.

அதற்குப் பிறகும் தேடல் நிற்கவில்லை. கோடீனுக்கு மாற்றாக வந்ததுதான் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன். அமெரிக்காவில் 1958-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. இன்று வறட்டு இருமலுக்கு என்று கடையில் கொடுக்கும் பெரும்பாலான சிரப்புகளில் இருப்பது இதுதான். பெயருக்குப் பின்னால் "டி" என்றோ "டிஎக்ஸ்" என்றோ ஒரு ஒட்டு இருந்தால் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும். சரியான அளவில் சாப்பிட்டால் கோடீன் போலப் பழக்கமாகாது, மலச்சிக்கலும் குறைவு. அளவு மீறினால் இதுவும் மயக்கம், குழப்பம், மூச்சு மந்தம் என்று கொண்டுபோய் விடும்.

இந்தியாவின் கோடீன் கதைக்கும் ஒரு வேர் இங்கேயே இருக்கிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மூன்றிலும் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் அபினிச் செடி பயிரிடுகிறார்கள். அதிலிருந்து மருந்துப் பொருட்களைப் பிரித்தெடுக்கும் அரசு ஆலைகள் காஜிப்பூரிலும் நீமச்சிலும் உள்ளன. காஜிப்பூர் ஆலை 1820-ல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கியது. அதே கோடீன் கலந்த சிரப்புகள் பின்னாளில் போதைக்காகக் கல்லூரி விடுதிகளில் புழங்கின, வங்கதேச எல்லை தாண்டிப் பெட்டி பெட்டியாகக் கடத்தப்பட்டன. 2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது கோடீன் கலந்த பிரபல இருமல் சிரப்புகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. அந்த வருடக் கடைசியிலேயே தில்லி உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2018-ல் வேறொரு பட்டியல் வந்தது.

ஆடாதொடையின் வாரிசு

சளி இருமல் மருந்தின் வம்சம் வேறு. அது இருமலை அடக்குவதில்லை, சளியை இளக்கி வெளியேற உதவுகிறது. அந்த வம்சத்தின் மூதாதை நமக்கு நன்றாகத் தெரிந்தவர்தான். கிராமத்து வேலியோரம் நிற்கும் ஆடாதொடை. அதன் இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் ப்ரோம்ஹெக்ஸின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். அதிலிருந்து வந்தது அம்ப்ராக்ஸால். கெமிஸ்ட் கொடுக்கும் சளி சிரப்பின் லேபிளில் இந்த இரண்டில் ஒரு பெயர் பெரும்பாலும் இருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நெஞ்சில் சளி கட்டியிருக்கும்போது இருமல் அடக்கியைக் குடித்தால் காவல்காரனைக் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும். வெளியே வரவேண்டிய சளி உள்ளேயே தங்கும். சளியை இளக்கும் மருந்தையும் இருமலை அடக்கும் மருந்தையும் ஒரே பாட்டிலில் கலந்து விற்கிற விசித்திரமும் நம் நாட்டில் உண்டு. ஒரு கை தள்ளுகிறது, இன்னொரு கை கதவைச் சாத்துகிறது. லேபிளைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கினால் நம் வீட்டுக்கு வருவது பல சமயம் இந்தக் கலவைதான்.

1937: அமெரிக்கா கற்ற பாடம்

இதுவரை சொன்னது மருந்தின் கதை. இனி, மருந்தைக் கரைக்கிற திரவத்தின் கதை. பெரிய துக்கமெல்லாம் இதில்தான்.

சிரப் என்றால் வெறும் சர்க்கரைத் தண்ணீர் இல்லை. பல மருந்துகள் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதற்காக கிளிசரின், ப்ரொப்பிலீன் கிளைக்கால் போன்ற திரவங்களைச் சேர்க்கிறார்கள். இவை மருந்துத் தரத்தில் இருந்தால் ஆபத்தில்லை. இவற்றுக்கு ஒரு உறவுக்காரன் உண்டு, டைஎத்திலீன் கிளைக்கால். பிரேக் ஆயில், பெயிண்ட், குளிரூட்டும் திரவம் ஆகியவற்றில் பயன்படும் தொழிற்சாலைச் சரக்கு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, லேசான தித்திப்பு வேறு. விலையோ மலிவு. நாக்காலும் மூக்காலும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. உடம்புக்குள் போனால் கல்லீரலில் மாற்றமடைந்து டைகிளைக்காலிக் அமிலமாகி, சிறுநீரகத்தின் நுண்குழல்களை அழித்துவிடும். முதலில் வாந்தி, வயிற்றுவலி. அப்புறம் சிறுநீர் நின்றுபோகும். பிறகு நரம்பு மண்டலமும் பாதிக்கும்.

1937-ல் அமெரிக்காவில் மாசென்கில் என்ற கம்பெனி சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்தைத் திரவ வடிவில் கொடுக்க ஆசைப்பட்டது. அவர்களுடைய வேதியியலாளர் அதை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்தார். ராஸ்ப்பெரி வாசனை சேர்த்தார்கள். நிறம், மணம், சுவை எல்லாம் பரிசோதித்தார்கள். விஷமா இல்லையா என்று மட்டும் பரிசோதிக்கவில்லை. அன்றைய சட்டம் அதைக் கேட்கவும் இல்லை. தொண்டைப்புண்ணுக்கு மருந்து குடித்தவர்களில் 105 பேர் இறந்தார்கள், அவர்களில் 34 பேர் குழந்தைகள்.

தயாரித்தது மொத்தம் 240 காலன். அமெரிக்க எஃப்.டி.ஏ. தன்னுடைய கள ஆய்வாளர்கள் அத்தனை பேரையும் தெருவில் இறக்கி, ஊர் ஊராக, டாக்டர் டாக்டராக, சில இடங்களில் நோயாளி நோயாளியாகத் தேடி 234 காலனுக்கு மேல் மீட்டுவிட்டது. மீதமிருந்த சுமார் ஆறு காலன்தான் அத்தனை உயிரையும் குடித்தது. கம்பெனி மீது போட முடிந்த வழக்கு என்ன தெரியுமா? "எலிக்ஸிர்" என்றால் சாராயம் இருக்கவேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் தவறு என்பதுதான்! ஆள் செத்ததற்குச் சட்டத்தில் இடமில்லை. மக்கள் கொதித்துப்போனார்கள். 1938-ல் புதிய சட்டம் வந்தது. மருந்தை விற்பதற்கு முன்பே அது ஆபத்தில்லை என்று காட்டவேண்டும் என்றது.

அதற்கு முன்பே இந்தியாவில் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. போலி மருந்துகளைப் பற்றி விசாரிக்க 1930-ல் ராம்நாத் சோப்ரா தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அதன் அறிக்கை 1931-ல் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1940-ல் மருந்துச் சட்டம். பல திருத்தங்களோடு இன்றும் நாம் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சட்டத்தைத்தான். தயாரிப்பு உரிமம் கொடுப்பதும் ஆலையைச் சோதிப்பதும் பெரும்பாலும் மாநில அரசின் வேலை. விற்பனையோ நாடு முழுவதும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம் நாட்டுப் பட்டியல்

1972: சென்னையில் குழந்தைகள் மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். காரணம் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த மருந்து. நம் ஊரிலேயே நடந்தது. ஆனால் என் வயதுக்காரர்கள் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. அப்பா தலைமுறையிடம் கேட்டாலும் ஞாபகமில்லை என்கிறார்கள்.

1986: பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனை. நோயாளிகளுக்குக் கொடுத்த கிளிசரினில் இதே விஷம். 14 பேர் இறந்தார்கள். நீதிபதி லென்ட்டின் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. மருந்து எப்படி ஒப்பந்தம் பெற்று, யார் யார் கையெழுத்தில், எப்படிப் பரிசோதனையைத் தாண்டி நோயாளியின் படுக்கை வரை வந்தது என்று அந்த அறிக்கை விலாவாரியாக எழுதியது.

1998: குர்காவ் (2016-லிருந்து குருகிராம்). ஏப்ரல் முதல் ஜூன் வரை தில்லி மருத்துவமனைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்த குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். 36 பேரில் 33 பேர் இறந்துவிட்டார்கள். காரணம் ஒரு இருமல் சிரப். அதில் 17.5 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். நான் குர்காவுக்கு வேலைக்கு வந்தது 2004-ல், அதாவது வெறும் ஆறு வருடம் கழித்து. இத்தனை வருடங்களில் இந்த ஊரில் ஒருவர்கூட இதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. கண்ணாடிக் கட்டடங்கள் வளர்ந்த வேகத்தில் ஊருக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள நேரமில்லை போலிருக்கிறது.

2019 டிசம்பர் – 2020 ஜனவரி: ஜம்முவின் உதம்பூர் மாவட்டம், ராம்நகர். குறைந்தது 12 குழந்தைகள். குடித்தது இமாச்சலப் பிரதேசத்தில் தயாரான ஒரு சளி சிரப்.

2022: அக்டோபர் 5 அன்று உலக சுகாதார நிறுவனம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகளின் மரணத்தோடு சம்பந்தப்படுத்தப்பட்ட நான்கு சிரப்புகளும் ஹரியாணாவின் மெய்டன் பார்மா தயாரித்தவை. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. அதே டிசம்பரில் உஸ்பெகிஸ்தானிலிருந்து இன்னொரு செய்தி. அங்கே குழந்தைகள் குடித்தது நொய்டாவில் தயாரான சிரப். 2023 ஜூன் முதல், ஏற்றுமதியாகும் இருமல் சிரப்புகளை அரசு ஆய்வகத்தில் சோதித்த பிறகே அனுப்பவேண்டும் என்று விதி வந்தது. ஏற்றுமதிக்கு மட்டும்! உள்ளூரில் விற்பதற்கு அந்த விதி இல்லை.

இடையில் 2021-ல் தில்லியில் நடந்ததை இந்தப் பட்டியலிலிருந்து கொஞ்சம் விலக்கித்தான் சொல்லவேண்டும். அங்கே கலப்படம் இல்லை, மருந்தே வினையானது. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் சிரப் கொடுக்கப்பட்ட 16 குழந்தைகள் கலாவதி சரண் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 3 குழந்தைகள் இறந்தார்கள். நான்கு வயதுக்குக் கீழே இந்த மருந்தை எழுதவேண்டாம் என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் அப்போது சொன்னது. ஆக ஆபத்து இரண்டு வகை. பாட்டிலில் இருக்கக்கூடாதது இருப்பது ஒன்று. இருக்கவேண்டியதே, கொடுக்கக்கூடாத வயதுக்குப் போவது இன்னொன்று.

சுங்குவார்சத்திரமும் சிந்த்வாராவும்

2025 ஆகஸ்ட் கடைசியிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், பராசியா சுற்றுவட்டாரத்தில், சாதாரணக் காய்ச்சல் சளி என்று மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோக ஆரம்பித்தது. பலரை நாக்பூருக்குக் கொண்டு ஓடினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துவிட்டார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். சிரப்பின் பெயர் கோல்ட்ரிஃப். தயாரித்த இடம், அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரம். கம்பெனி ஸ்ரீசன் பார்மா.

அந்த வாரம் அலுவலகத்தில் மத்தியப் பிரதேச நண்பர் ஒருவர், "உங்க ஊர் கம்பெனியாமே?" என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை. வடக்கே இருக்கிற நம்மில் பலர் பேச்சுக்குப் பேச்சு "எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி அப்படி, ஆரம்ப சுகாதார நிலையம் இப்படி" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். அதில் பொய்யும் இல்லை. ஆனால் இதற்கு என்ன சொல்வது?

நடந்ததை நேர்மையாகச் சொன்னால் இரண்டு பக்கமும் இருக்கிறது. தகவல் கிடைத்ததும் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலையிலிருந்து மாதிரி எடுத்து, அக்டோபர் முதல் வாரத்திலேயே சோதித்துச் சொல்லிவிட்டது. டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம்! அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அதாவது கிட்டத்தட்டப் பாதி பாட்டில் விஷம். தமிழக அரசு விற்பனையைத் தடை செய்தது. உரிமையாளர் கைது செய்யப்பட்டார், உரிமம் ரத்தானது. சோதனை வேகமாகத்தான் நடந்திருக்கிறது.

மறுபக்கம்: அந்த ஆலைக்கு உரிமம் கிடைத்தது 2011-ல். ஆய்வு செய்தவர்கள் 350-க்கும் மேற்பட்ட விதிமீறல்களைப் பட்டியலிட்டார்கள். இத்தனையும் ஒரே இரவில் முளைத்திருக்க முடியாது. ஒழுங்காக ஆய்வு நடந்திருந்தால் எப்போதோ பூட்டியிருக்க வேண்டிய இடம். குழந்தைகள் இறந்த பிறகு ஒரு நாளில் செய்ய முடிந்த சோதனையை, பாட்டில் லாரியில் ஏறுவதற்கு முன்னால் ஏன் செய்யவில்லை? இந்தக் கேள்விக்கு எந்த மாநிலத்தைப் பற்றிய பெருமையும் பதிலாகாது.

இன்னொரு விஷயம். கோல்ட்ரிஃபில் அறிவிக்கப்பட்டிருந்த கலவையில் குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் இருந்தன. இந்தக் கூட்டை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆக விஷம் கலக்காத சுத்தமான பாட்டிலாக இருந்திருந்தாலும், அந்தக் குழந்தைகளில் பலருக்கு அதைக் கொடுத்திருக்கவே கூடாது.

ஏன் திரும்பத் திரும்ப?

1937-லிருந்து 2025 வரை, 88 வருடமாக ஒரே விஷம். கண்டுபிடிக்கும் முறை தெரியும். மூலப்பொருள் பீப்பாய் ஒவ்வொன்றையும் ஆலைக்குள் நுழையும்போதே சோதித்தால் கதை முடிந்தது. அந்தச் சோதனைக்குச் செலவாகும். மருந்துத் தரக் கிளைக்காலுக்கும் தொழிற்சாலைத் தரக் கிளைக்காலுக்கும் விலை வித்தியாசம் உண்டு. பீப்பாய் பல தரகர்கள் கை மாறி வரும்போது லேபிள் மட்டும் மாறிவிடும். சின்ன ஆலைக்காரர் அந்தச் சான்றிதழை நம்பி, அல்லது நம்புவதுபோல் காட்டி, ஊற்றிவிடுகிறார்.

மேலே சொன்ன அந்த ஒரு வரி ஞாபகம் இருக்கிறதா? உரிமம் ஒரு மாநிலத்தில், குடிக்கிற குழந்தை இன்னொரு மாநிலத்தில். காஞ்சிபுரத்து ஆய்வாளருக்குப் பராசியாவின் அழுகை கேட்காது. பராசியா டாக்டருக்குச் சுங்குவார்சத்திரத்து ஆலை எப்படி இருக்கிறது என்று தெரியாது. இமாச்சலத்து ஆலையும் ராம்நகர்க் குழந்தையும் அப்படித்தான்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

அரசாங்கத்தை நாளைக்கே திருத்த முடியாது. வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு.

குழந்தைகளுக்கு: 2025 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவுரைப்படி இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தே வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அதற்கு மேலும் டாக்டர் பார்த்து, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு மட்டும். குழந்தைகளின் இருமல் பெரும்பாலும் வைரஸால் வருவது, தானாகப் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர், ஓய்வு, கொஞ்சம் பொறுமை. போன தடவை எழுதிய சீட்டையும், மூத்தவனுக்கு வாங்கிய பாட்டிலையும் சின்னவளுக்குப் பயன்படுத்தவே கூடாது. கோடீன் கலந்த சிரப் 18 வயதுக்குக் கீழே வேண்டாம் என்று 2018-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. சொல்லிவிட்டது.

பெரியவர்களுக்கு: சளி வராத வறட்டு இருமல், அதுவும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தால் மட்டும் அடக்கி மருந்து. பிராண்டின் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன மருந்து, 5 மி.லி.யில் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். பெரியவர்களுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் ஒரு நாளைக்கு 120 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சமையலறை ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, ஆகவே பாட்டிலோடு வரும் அளவு மூடியில் ஊற்றிக் குடியுங்கள். மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவேண்டாம், இரண்டும் சேர்ந்தால் ஆபத்தாகலாம். தண்ணி அடித்துவிட்டு இதைக் குடிப்பது, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது இரண்டும் கூடாது. சளி மாத்திரையும் சிரப்பும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒரே மருந்து இரண்டு தடவை உள்ளே போகக்கூடும்.

அடக்கக்கூடாத இருமல்: இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சிரப் மாற்றிக்கொண்டிருக்காமல் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அரசு மருத்துவமனைகளில் இலவசம். ரத்தம் கலந்த சளி, எடை குறைதல், மூச்சிரைப்பு, நெஞ்சுவலி இருந்தால் உடனே போகவேண்டும். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்கு விடாத வறட்டு இருமலா? ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள். அந்த வகைக்கே வறட்டு இருமல் ஒரு பக்கவிளைவு. மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம், டாக்டர் வேறு மாற்றிக்கொடுப்பார். ஆஸ்துமாவும், வயிற்று அமிலம் மேலே வருவதும்கூட வறட்டு இருமலாக வேடம் போடும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டுமாவது மறக்காதீர்கள். எந்த சிரப் கொடுத்த பிறகும் குழந்தை வாந்தியெடுத்துச் சோர்ந்துபோனால், வழக்கத்தைவிட மிகக் குறைவாக ஒன்றுக்குப் போனால், அல்லது ஏழெட்டு மணி நேரமாகப் போகவே இல்லையென்றால், காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாட்டிலையும் பில்லையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பேட்ச் நம்பர் பாட்டிலில்தான் இருக்கிறது. அந்த நம்பர் உங்கள் குழந்தைக்கு மட்டும் இல்லை, அதே பேட்ச் வாங்கிய இன்னும் எத்தனையோ வீடுகளுக்கும் உயிர் காக்கும். 1937-ல் அந்த ஆய்வாளர்கள் ஊர் ஊராகத் தேடிப் பிடித்ததைப்போல இங்கேயும் தேடிப் பிடிக்க அது ஒன்றுதான் துப்பு. பில் இல்லாமல் மருந்து வாங்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

பி.கு.: தேன் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் தூங்கப் போகுமுன் அரை ஸ்பூனிலிருந்து ஒரு ஸ்பூன் வரை தரலாம், இருமலுக்கு இதமாக இருக்கும். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது, போட்டுலிசம் என்ற விஷ நோய் வரும் ஆபத்து உண்டு. பாட்டி போனில் எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி!